சிக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி: பாரமகால் போர்களின் கதையும் உண்மையும்

மைசூர்ப் போர்களில் குதிரைவீரன் சேணத்து உறையில் செருகி வைத்திருந்த கைத்துப்பாக்கி, சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி எழுப்பிச் சுடும் ஆயுதம். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படையும் அதை வைத்திருந்தது, ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படையும் வைத்திருந்தது. ஒரு வெடி வெடித்துவிட்டால் திரும்பக் கெட்டிக்கக் குதிரைமேல் நேரம் கிடைக்காது. ஆகவே அந்த ஒரு வெடி வெடிக்குமா என்பது உயிர் போகும் கேள்வி. இந்தக் கேள்வியைச் சுற்றிப் பல கதைகள் வளர்ந்திருக்கின்றன. திப்புவின் துப்பாக்கி புலி முன்னால் வெடிக்காமல் போனது என்பது ஒன்று. வெள்ளைக்காரன் துப்பாக்கி தப்பாமல் வெடித்தது, நாட்டார் துப்பாக்கி கைவிட்டது என்பது இன்னொன்று. சேலத்து எஃகால் செய்த குழல் வெடித்துச் சிதறாது என்பது மூன்றாவது. மூன்றையும் கிடைக்கும் சான்றுகளோடு பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மையும் நிறைய மிகையும் இருப்பது தெரியும்.

இந்த ஆயுதம் தமிழ் மண்ணில் அதிகம் புழங்கிய இடங்களில் ஒன்று பாரமகால். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பக்கமும் அதில் அடக்கம். பாப்பிரெட்டிப்பட்டி அதன் தெற்கு ஓரத்தில், சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே வாணியாற்றுப் படுகையில் இருக்கிறது. சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் ஏறி இறங்கினால் இந்த ஊர். இங்கிருந்து அரூர் வழியாக வடக்கே போனால் கிருஷ்ணகிரி, கிழக்கே திரும்பினால் செங்கம் கணவாய், அதைத் தாண்டினால் ஆர்க்காட்டுச் சமவெளி. மைசூரிலிருந்து கீழே இறங்கும் படைக்கும் சென்னையிலிருந்து மேலே ஏறும் படைக்கும் இந்தக் கணவாய்கள்தான் வாசல்.

அரூர் வழியில் உள்ள தென்கரைக்கோட்டையை 1768 பிப்ரவரியில் கர்னல் உட் தலைமையிலான கம்பெனிப் படை பிடித்தது. தருமபுரியும் சேலமும் அதைத் தொடர்ந்து விழுந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐதர் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டார். 1790 நவம்பரில் கம்பெனித் தரப்பின் ஜெனரல் மெடோஸின் படையும் கர்னல் மேக்ஸ்வெல்லின் படையும் பாரமகாலில் ஒன்று சேர்ந்தபோது, திப்பு தொப்பூர்க் கணவாய் வழியாகத் தெற்கே நழுவினார். 1792 மார்ச் மாதத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை பாரமகாலையும் சேலத்தையும் கம்பெனியிடம் ஒப்படைத்தது. இந்தக் கால் நூற்றாண்டு முழுக்க இரு தரப்புக் குதிரைப்படைகளும் ஒரே மலைப்பாதையில், ஒரே மழையில் நனைந்தன. துப்பாக்கிகளை ஒப்பிட இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

ஆயுதம் எப்படி வேலை செய்தது என்பதில் தொடங்க வேண்டும். ஆங்கிலேய இலகு குதிரைப்படையின் கைத்துப்பாக்கிக்கு ஒன்பது அங்குலக் குழல்; குழல்வாய் ஏறக்குறைய பதினாறு, பதினேழு மில்லிமீட்டர்; எடை ஒரு கிலோவை ஒட்டி. 1782இல் சென்னையில் இறங்கி, பின்னர் 19ஆம் இலகு டிராகூன் என்று பெயர் மாறிய படைப்பிரிவு இவ்வகை ஆயுதத்தோடு இந்தப் போர்களில் ஈடுபட்டது. கம்பெனி தனக்கென்று செய்வித்த துப்பாக்கிகளின் விசைத்தகட்டில் இதய வடிவ முத்திரை இருக்கும். 1808க்குப் பிறகு அந்த இடத்தில் சிங்கம் வந்தது.

கெட்டிக்கும் முறை இது. குழலுக்குள் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டைப் போட்டு, சலாகையால் இடிக்க வேண்டும். குழலின் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு தீத்துளை. அதற்கு வெளியே ஒரு சிறு கிண்ணி. கிண்ணியில் முதலில் பற்ற வேண்டிய ரஞ்சக மருந்து ஒரு சிட்டிகை. கிண்ணியை மூடியிருக்கும் எஃகுத் தகடுதான் பொறி எழுப்பும் தகடும். ‘குதிரை’ எனப்படும் சுத்தியலின் வாயில் சிக்கிமுக்கிக் கல் கவ்வப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து கல் எஃகைச் சுரண்டும், தகடு முன்னால் மடங்கிக் கிண்ணி திறக்கும், எஃகிலிருந்து சீவப்பட்ட நுண்துகள்கள் எரிந்துகொண்டே ரஞ்சகத்தில் விழும். ரஞ்சகம் பற்றி, அந்தத் தீ துளை வழியாக உள்ளே போய், உள்மருந்து பற்றினால்தான் குண்டு புறப்படும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்தாக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் வெடி இல்லை.

இப்போது புலிக்கதை. திப்பு ஒரு பிரெஞ்சு நண்பருடன் காட்டுக்கு வேட்டைக்குப் போனார்; எதிரே புலி பாய்ந்தது; துப்பாக்கி வெடிக்கவில்லை; கட்டாரியும் கைநழுவிக் கீழே விழுந்தது; அதை எட்டி எடுத்துப் புலியைக் குத்திக் கொன்றார்; அதனால்தான் மைசூர்ப் புலி என்று பெயர் பெற்றார். பள்ளிப் புத்தகம் முதல் தொலைக்காட்சி வரை இது சொல்லப்படுகிறது. பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் காட்டின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, அந்தப் பிரெஞ்சுக்காரரின் பெயரும் இல்லை. திப்பு தன் அரசுக்குப் புலியைச் சின்னமாக்கியதற்கு வேட்டைக்கதை தேவைப்படவும் இல்லை. அவருடைய ஆயுதங்களில் புலிமுகமாக வளைத்து எழுதப்பட்ட அரபு வாசகம் ‘இறைவனின் சிங்கமே வெல்லும்’ என்ற பொருள் தருவது. அது நபிகள் நாயகத்தின் மருமகன் அலியைக் குறிக்கும் சமய வழக்கு. சிம்மாசனத்தில், சிப்பாயின் உடுப்பில், பீரங்கி வாயில், கைத்துப்பாக்கிப் பிடியில் என்று அவர் பொறித்த புலி முகமும் புலி வரியும் ஆட்சிக்கொள்கையின் பகுதி.

ஆனாலும் கதையின் ஒரு துண்டு முழுக்க நம்பத்தக்கது: துப்பாக்கி வெடிக்காமல் போனது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இதற்கு மிகத் தெளிவான சான்று ஆங்கிலேயரின் சொந்தச் சோதனையிலிருந்தே கிடைக்கிறது. 1834இல் லண்டனை அடுத்த வுல்விச்சில், சிக்கிமுக்கித் துப்பாக்கியையும் அடித்தால் பற்றும் கேப்பால் சுடும், புதிதாக வந்த கேப்புத் துப்பாக்கியையும் ஒப்பிட, ஒவ்வொரு வகையிலும் 6,000 வெடி சுட்டுப் பார்த்தார்கள். சிக்கிமுக்கி வகையில் 922 தடவை வெடிக்கவில்லை. கேப்பு வகையில் 36 தடவை மட்டுமே தவறியது. அதாவது, ஒன்றரை நூற்றாண்டு மெருகேறி, தொழில்நுட்பத்தின் உச்சியில் இருந்த ஆங்கிலேயச் சிக்கிமுக்கித் துப்பாக்கியே பதின்மூன்று தடவைக்கு இரண்டு தடவை ஏமாற்றியது. சோதிக்கப்பட்டவை நீள்துப்பாக்கிகள். ஆனால் பொறி எழுப்பும் அமைப்பு கைத்துப்பாக்கிக்கும் அதுவேதான். அளவு மட்டும் சிறியது. நாற்பது ஆண்டு முன்னால், சேணத்தில் குலுங்கிக்கொண்டு மஞ்சவாடிக் கணவாயில் ஏறிய ஆயுதம் இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தவறியதற்கான காரணங்கள் பல, அவற்றில் பெரும்பாலானவை துப்பாக்கியின் செய்நேர்த்திக்கு வெளியே இருந்தவை. முதலாவது கல். இருபது முப்பது வெடிக்குள் விளிம்பு மழுங்கிவிடும். கொத்திக் கூராக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். தோல் துண்டு வைத்து இறுக்கிக் கட்டாத கல் ஒரு அடியிலேயே கோணிக்கொள்ளும். ஆங்கிலேயப் படைக்குக் கல் கப்பலில் வந்தது. தீர்ந்துபோனால் கையில் கிடைத்ததுதான். இரண்டாவது எஃகுத் தகட்டின் மேற்பரப்பு. கடினம் குறைந்தால் பொறி வராது. கடினம் மிகுந்தால் கல் வழுக்கிவிடும். மூன்றாவது தீத்துளை. கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் கரியும் உப்புமாக மிஞ்சும். சில வெடிக்குள் துளை அடைத்துக்கொள்ளும். ரஞ்சகம் மட்டும் புஸ்ஸென்று எரிந்து குண்டு உள்ளேயே இருந்துவிடும். இதனால்தான் ஆங்கிலேயச் சிப்பாயின் மார்பு வாரில் ஒரு மெல்லிய கம்பியும் சிறு தூரிகையும் தொங்கின.

நான்காவதும் முக்கியமானதும் மருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பைக் காய்ச்சித் தெளிவிக்கும்போது சோற்றுப்பும் சுண்ணாம்புச் சேர்மங்களும் தங்கிவிட்டால், அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பார்வைக்கு மருந்து காய்ந்தே இருக்கும்; பொறி விழுந்தால் மினுங்கி அணையும். ரஞ்சகம் கிண்ணியில் ஏறக்குறைய திறந்தே இருப்பதால் முதலில் கெடுவது அதுதான். பாரமகாலில் ஐப்பசி, கார்த்திகை மழை மட்டும் அல்ல, அதற்குப் பின் வரும் பனியும் சேர்ந்துகொள்ளும். மலையடிவாரத்தில் மார்கழி விடியலில் இரும்பைத் தொட்டால் கை நனையும். மெடோஸும் மேக்ஸ்வெல்லும் சேர்ந்த 1790 நவம்பர் இந்தப் பருவத்தில்தான் வருகிறது. விடியற்காலைத் தாக்குதலில் முன்னிரவே ரஞ்சகம் போட்ட கைத்துப்பாக்கியை நம்பியவன், பாதிச் சூதாட்டம் ஆடினான் என்றே சொல்ல வேண்டும்.

குதிரைச்சவாரி தனியாக ஒரு தொல்லை. உறையில் கைத்துப்பாக்கி வாய் கீழே இருக்கும்படிதான் செருகப்பட்டிருக்கும். பல மைல் ஓட்டத்தில் குண்டு மருந்தை விட்டு நழுவி முன்னால் உருளும். சில சமயம் உறைக்குள்ளேயே விழுந்துவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால் குண்டின் வேகம் குறையலாம், குழலே பிளக்கவும் கூடும். துணியோ காகிதமோ வைத்து இறுக்கி அடைப்பதுதான் அன்றைய தீர்வு. சலாகை கைநழுவிப் போகாதபடி குழல்முனையில் சுழல்கீலில் பிணைத்தது ஆங்கிலேயப் படையில் 1790களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதாவது பாரமகால் போர் முடிந்தபின்.

இனி இரண்டாவது கதை. ஆங்கிலேயத் துப்பாக்கி தப்பாதது, மைசூர்த் துப்பாக்கி தேறாதது என்ற எண்ணத்துக்கு வேர், வென்றவர்கள் எழுதிய வரலாறு. மழையும் மருந்தும் சம்பந்தப்பட்ட இடத்தில் அதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1757 ஜூன் 23 அன்று வங்காளத்தின் பிளாசியில் கம்பெனிப் படையும் நவாப் படையும் மோதியபோது நண்பகலில் மழை கொட்டியது. கம்பெனிப் படை மருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டது. நவாப் படையின் மருந்து நனைந்தது. வேறுபாடு துப்பாக்கியில் இருக்கவில்லை, மருந்துப் பெட்டியைக் காத்த பழக்கத்தில் இருந்தது. பிளாசியிலிருந்து ‘நாட்டார் துப்பாக்கி மழையில் சுடாது’ என்ற பொதுவிதியை எடுத்தவர்கள் காரணத்தைத் தவறான இடத்தில் தேடினார்கள்.

மைசூரின் கைத்துப்பாக்கிகள் எப்படிப்பட்டவை என்பதற்குப் பொருளே சாட்சியாக இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெங்களூரிலும் நகரிலும் திப்புவின் ஆயுதப் பட்டறைகள் இருந்தன. 1788இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் போன அவருடைய தூதுக்குழு கைவினைஞர்களைக் கேட்டு அழைத்துவந்தது. பட்டறையிலிருந்து வெளிவந்த உயர்தர ஆயுதங்களில் செய்தவர் பெயர், ஊர், திப்பு ஏற்படுத்திய மவ்லூதி ஆண்டு மூன்றும் பொறிக்கப்பட்டன. ராபின் விகிங்டன் 1992இல் வெளியிட்ட, திப்புவின் சுடுகருவிகளைப் பற்றிய நூல் இவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கிறது. விசையமைப்பு ஐரோப்பிய மாதிரியில் இருந்தாலும் வேலைப்பாட்டில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. குறிப்பாக, இணையாகச் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்கு விசைத்தகடு வலப்புறமும் மற்றொன்றுக்கு இடப்புறமும் வைக்கப்பட்டன. இடதுகைத் தகட்டுக்கு ஒவ்வொரு உறுப்பையும் இடவலம் மாற்றித் தனியே அடிக்க வேண்டும். வழக்கமான தகட்டையே பிசிறில்லாமல் செய்யத் தெரியாத பட்டறை இதற்குத் துணியாது.

இங்கே எதிர்ப்பக்க மிகையையும் தள்ளிவைக்க வேண்டும். லண்டனிலும் லீட்ஸிலும் வின்ட்சரிலும் இன்று காட்சிக்கு உள்ள திப்புவின் துப்பாக்கிகள் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து 1799இல் எடுத்துச் செல்லப்பட்டவை. வெள்ளியும் பொன்னும் இழைத்தவை. சாதாரண மைசூர்க் குதிரைவீரனின் இடுப்பில் இருந்தது அதுவல்ல. அவனிடம் பட்டறையில் எளிமையாகச் செய்ததும், பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியதும், கம்பெனியிடம் பறித்ததும் கலந்திருந்தன. குதிரைப்படையின் பெரும்பகுதியான கொள்ளைக் குதிரைக்காரர்களுக்கு வாளும் ஈட்டியுமே முதன்மை ஆயுதம். அரண்மனைத் துப்பாக்கியைக் காட்டி மைசூர்ப் படை முழுவதையும் மெச்சுவது, கம்பெனியாரின் மிகைக்குப் பதில் மிகை.

திரித் துப்பாக்கியைப் பற்றியும் இதே அவசரத் தீர்ப்பு உண்டு. கோட்டைக் காவலரும் பாளையக்காரரின் ஆட்களும் கொண்டிருந்த நீளக்குழல் திரித் துப்பாக்கி பழசு என்பதால் மட்டம் என்று சொல்லப்படுகிறது. காய்ந்த வெயிலில் கனலும் திரி ரஞ்சகத்தைத் தொட்டால் பற்றுவது கிட்டத்தட்ட உறுதி. கல்லின் விளிம்பும் எஃகின் கடினமும் அங்கே கேள்வியே இல்லை. அதன் குறை வேறு: திரி எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும், மழையில் அணையும், இரவில் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும், குதிரைமேல் கையாள முடியாது. கோட்டை மதிலுக்குப் பின்னால் நின்றவனுக்கு இவை பெரிய குறைகள் அல்ல. குதிரைவீரனுக்கு எல்லாமே குறை. ஒரே ஆயுதம் இடத்துக்கு ஏற்ப நம்பகமானதாகவும் நம்பத்தகாததாகவும் ஆகும் என்பதைப் பார்க்காமல் தரவரிசை போடுவதில் பயன் இல்லை.

குதிரைவீரன் இணையாக வைத்திருந்த இரண்டு கைத்துப்பாக்கிகளின் கணக்கைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கலாம். வுல்விச் விகிதத்தை எடுத்துக்கொண்டால், ஒரு துப்பாக்கி ஏமாற்றும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஏமாற்றினால், இரண்டுமே கைவிடும் வாய்ப்பு நாற்பதில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கல் மழுங்குவது, துளை அடைபடுவது போன்ற குறைகளுக்கு இந்தக் கணக்கு சரி. சேணத்தின் இருபுறமும் உறை வைத்ததற்கு இதுவே நியாயம். ஆனால் ஈரம் அப்படி வராது. இரண்டு கிண்ணியிலும் ஒரே பையிலிருந்து எடுத்த மருந்து, ஒரே பனியில் நனைந்தது. முதலாவது மினுங்கி அணைந்தால் இரண்டாவதும் அணையும் வாய்ப்பே அதிகம். இதை அன்றைய குதிரைவீரர்கள் எண்ணில் கணக்கிடவில்லை, பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். கைத்துப்பாக்கி எட்டு பத்து கெஜத்துக்கு மேல் குறி வைத்துச் சுட முடியாத ஆயுதம், அதுவும் வெடித்தால்தான். எனவே இரு தரப்பிலும் கடைசி நம்பிக்கை வாள்தான். புலிக்கதையிலும் கட்டாரியே உயிர் காத்ததாகச் சொல்லப்படுவது அந்தக் காலத்து அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

மூன்றாவது கதை எஃகைப் பற்றியது. சேலத்துக் கஞ்சமலையிலும் அரூருக்குப் பக்கத்துத் தீர்த்தமலையிலும் காந்த இரும்புத்தாது உண்டு. மண்மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகு உலகப் புகழ் பெற்றது. அதனால் மைசூர்க் குழல்கள் பிளக்காது என்று சொல்வார்கள். மூசை எஃகில் கரி அதிகம். வாளுக்கு ஏற்ற கடினம் அதிலிருந்து வருகிறது, கூடவே நொறுங்கும் தன்மையும் வருகிறது. குழலுக்குத் தேவை வளைந்து கொடுக்கும் மெல்லிரும்பு. இந்தியக் குழல்களில் பெரும்பாலானவை இரும்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தவை. மூசை எஃகில் அடித்த அபூர்வக் குழல்கள் அரசர்களுக்கு உரியவை. சுருள் ஒட்டு நன்றாக விழுந்தால் குழல் தாங்கும், கசடு சிக்கியிருந்தால் பிளக்கும். ஊரின் பெயர் இதில் காப்பு ஆகாது, கொல்லனின் கைதான் காப்பு. அந்த எஃகு உண்மையில் பயன்பட்டிருக்கக்கூடிய இடம் பொறி எழுப்பும் தகடு. கரி மிகுந்த எஃகு நல்ல பொறி தரும். கதை புகழ வேண்டிய உறுப்பை விட்டுவிட்டு வேறொன்றைப் புகழ்ந்தது.

திப்புவின் கடைசி நாள் புலிக்கதைக்கு நேர் எதிரான சாட்சியம் தருகிறது. 1799 மே 4 பிற்பகல் ஸ்ரீரங்கப்பட்டண மதில் உடைப்பில் ஆங்கிலேயப் படை ஏறியபோது, திப்பு தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று, பணியாட்கள் கெட்டித்துக் கெட்டித்து நீட்டிய துப்பாக்கிகளால் தாமே பலமுறை சுட்டார் என்று போருக்குப் பின் திரட்டப்பட்ட வாக்குமூலங்கள் சொல்கின்றன. கோடைக் காலம், காய்ந்த மருந்து, கெட்டிக்க ஆள், மாற்றிக் கொடுக்க வேறு துப்பாக்கி: சிக்கிமுக்கி ஆயுதத்துக்கு இவ்வளவும் அமைந்தால் அது வேலை செய்தது. காயம்பட்டு வாயிலருகே வீழ்ந்தபின், வாள்வாரைப் பறிக்க வந்த சிப்பாயை அவர் வெட்டியது வாளால். நெற்றிப்பொட்டில் அவரைச் சாய்த்தது அந்தச் சிப்பாயின் துப்பாக்கி. அது அன்று தவறவில்லை. பதின்மூன்றில் பதினொன்று தவறாதவைதானே.

இந்த ஆயுதத்தின் பிறவிக்குறைக்கு மருந்து வந்தது போர்க்களத்திலிருந்து அல்ல, ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்திடமிருந்து. அடித்தால் பற்றும் வேதிப்பொருளைக் கொண்டு சுடும் முறைக்கு அவர் 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து செப்புக் கேப்பு வளர்ந்தது. கிண்ணியும் ரஞ்சகமும் கல்லும் ஒருசேரப் போயின. தீத்துளை மட்டும் மிஞ்சியது. ஆங்கிலேய அரசப்படையும் அதைத் தொடர்ந்து கம்பெனியின் சென்னைப் படையும் 1840களில் கேப்புக்கு மாறின.

பாரமகாலில் அந்த மாற்றத்தின் தடம் படையில் நிற்கவில்லை, மலைக்கு ஏறியது. சித்தேரி, கல்வராயன் மலைகளில் பயிருக்குக் காவலாகவும் வேட்டைக்கும் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி, வாய்வழி கெட்டித்துக் கேப்பில் சுடும் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டு அமைப்பு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பது குற்றம். தாமாக ஒப்படைக்கச் சொல்லித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது கிராமங்களில் அறிவிப்புச் செய்கிறது. ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளில் குழாயை வெட்டிச் செய்த குழல்களும் உண்டு. கேப்பு வந்தபின் வெடிக்காமல் போகும் ஆபத்து பெருமளவு குறைந்தது. ஒட்டுத் தவறிய குழல் சுடுபவன் முகத்திலேயே பிளக்கும் ஆபத்து திப்பு காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.